ஓ.டி. என்றால் ஓவர்டைம் இல்லை: வேலூர், சித்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆக்குபேஷனல் தெரபி படிப்பு பற்றி முழுமையான வழிகாட்டி

எங்கள் பக்கம் ஓ.டி. என்றால் ஓவர்டைம். ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள், "இன்னிக்கு ஓ.டி. கீது, வர்றதுக்கு எட்டு மணி ஆவும்" என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினால் அதே ஓ.டி. ஆபரேஷன் தியேட்டர் ஆகிவிடும். நான் ஓ.டி. படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது பரதராமியில் இருந்த என் பெரியம்மா, "படிக்கறதுக்கே ஓவர்டைமா?" என்று கேட்டார். இன்றும் கல்யாண வீடுகளில் நான் பிசியோதெரபிஸ்ட் என்றுதான் அறிமுகப்படுத்தப்படுகிறேன். திருத்துவதை விட்டு ரொம்ப நாளாகிறது.

ஆனால் இந்தப் படிப்பில் சேர நினைக்கும் நீங்கள் அந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டுதான் விண்ணப்பம் போட வேண்டும். பக்கவாதம் வந்த ஒரு அம்மாவை எடுத்துக்கொள்வோம். தோள் அசைய வேண்டும், கால் ஊன்ற வேண்டும், நடை திரும்ப வேண்டும் என்பது பிசியோதெரபியின் முதல் கவலை. அந்த அம்மா தன் கையால் சோறு பிசைந்து சாப்பிடுகிறாரா, புடவைக் கொசுவத்தைத் தானே சொருகுகிறாரா, பாத்ரூம் போக மருமகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறதா என்பதில் தொடங்குகிறது எங்கள் வேலை. இரண்டும் சில இடங்களில் ஒன்றின் மேல் ஒன்று ஏறும், சண்டையும் வரும். தமிழில் இதைத் தொழில்வழி சிகிச்சை, செயல்முறை சிகிச்சை என்று ஆளுக்கொரு பெயரில் எழுதுகிறார்கள். தொழில் என்ற சொல்லைப் பார்த்து, வேலை வாங்கித் தருகிற துறை என்று எண்ணி வந்தவர்களும் உண்டு. இங்கே தொழில் என்பது ஒரு மனிதரின் ஒரு நாளை நிரப்பும் எல்லாமும்: பல் தேய்ப்பது, கோலம் போடுவது, கணக்கு எழுதுவது, பிள்ளை விளையாடுவது, தாத்தா ஆடு மேய்ப்பது.

முதலில் ஒரு நாளை எழுதிப் பாருங்கள்

விண்ணப்பம், மதிப்பெண், கட்டணம் எல்லாம் பிறகு. முதல் படி ஒரு நாற்பது பக்க நோட்டு. வீட்டில் ஓயாமல் வேலை செய்யும் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அவருடைய வலது கை என்னென்ன செய்கிறது என்று எழுதுங்கள். "சமைத்தார்" என்று எழுதினால் செல்லாது. குக்கர் மூடியை எந்தப் பக்கம் திருப்பினார், எந்த விரலால் உப்பை எடுத்தார், குடத்தை இடுப்பில் வைக்கும்போது எந்தக் கை கழுத்தைப் பிடித்தது, எந்தக் கை அடியைத் தாங்கியது என்று எழுத வேண்டும்.

எங்கள் துறையில் இதற்குச் செயல் பகுப்பாய்வு என்று பெயர். குடியாத்தம் பக்கத்தில் வளர்ந்ததால் எனக்கு இது பீடியில் புரிந்தது. ஈரப்பதமான இலையை அளவாக வெட்ட வேண்டும். வெட்டிய இலையை இடது கையில் ஏந்தி, வலது கையால் தூளைச் சமமாகத் தூவ வேண்டும். இரண்டு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து உருட்ட வேண்டும். நுனியை மடித்துச் செருகி நூல் கட்ட வேண்டும். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான். இடது கட்டைவிரலின் வலு கொஞ்சம் போனால் எண்ணிக்கை எப்படி விழும் என்று இப்போது யோசித்துப் பாருங்கள். பக்கவாதத்துக்குப் பின் வந்த ஒரு பீடித் தொழிலாளி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மறுபடி முறத்தை மடியில வெச்சிக்க முடியுமா?" பீடி உடம்புக்குக் கெடுதல் என்று நான் அன்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை.

அந்த நோட்டை நாலு பக்கம் எழுதியதும் கொட்டாவி வந்தால் வருத்தப்படாதீர்கள். பி.எஸ்சி. நர்சிங் இருக்கிறது, ரேடியாலஜி இருக்கிறது, பிசியோ இருக்கிறது. எழுத எழுதச் சுவாரசியம் கூடினால் மேலே படியுங்கள்.

நம் ஊரில் இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தியாவில் இந்தப் படிப்பு 1950இல் மும்பையில் தொடங்கியது. அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இங்கேயே தங்கிவிட்ட கமலா நிம்ப்கர்தான் தொடங்கியவர். 1952இல் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

எல்லைப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடக் கிட்டத்தில் ஒரு வரலாறு இருக்கிறது. 1940களின் பிற்பகுதியில் வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தத் தொடங்கினார். வேலை செய்கிற ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்ய வைப்பது அது. கை நிமிர்ந்தது. நிமிர்ந்த கைக்குப் பிச்சை விழவில்லை என்று நோயாளிகள் திரும்பி வந்தார்கள். அறுவையோடு கதை முடியவில்லை என்று புரிந்து, அவர்களுக்குத் தச்சு வேலையும் மரப்பொம்மை செய்வதும் கற்றுத்தர ஏற்பாடானது. கைக்கு உணர்ச்சி இல்லை என்பதால் சூடான டம்ளரும் உளியின் பிடியும் புண்ணாக்கும். கருவியின் பிடியை மாற்ற வேண்டும், தினம் இரவு கையைத் தானே பரிசோதிக்கப் பழக்க வேண்டும். எங்கள் பாடம் முழுக்க இந்த ஒரு சம்பவத்துக்குள் அடங்கும் என்று நான் சொல்வதுண்டு. காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரி ஆஸ்பத்திரி 1955இல் வந்தது. சித்தூர் மாவட்டத்து மூத்தவர்கள் "கரிகிரி" என்று சொல்லும் குரலிலேயே அது எந்த நோய்க்கான ஆஸ்பத்திரி என்பது தெரிந்துவிடும்.

மேரி வர்கீஸ் கதையையும் படியுங்கள். 1954இல் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் அவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பாகாயத்தில் 1966இல் வந்த மறுவாழ்வு மையம் அவர் உழைப்பு. அந்த வழியாகப் போகும் பஸ்ஸில் நாம் தினமும் தூங்கிக்கொண்டு போகிறோம்.

பிளஸ் டூ, சான்றிதழ், எல்லைக்கோட்டின் தொல்லை

தகுதி எளிது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். உயிரியலுக்குப் பதில் தாவரவியலும் விலங்கியலும் இருக்கலாம். சேரும் ஆண்டு டிசம்பர் 31க்குள் பதினேழு வயது முடிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு, மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்புகளுக்கான கலந்தாய்வு பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நடந்துவந்திருக்கிறது. சேர்க்கை விதிகள் நாடு முழுவதும் மாறிவரும் காலம் இது. அதனால் பிளஸ் டூ படிக்கும் ஆண்டிலேயே நீட் விண்ணப்பத்தையும் போட்டு வையுங்கள். கேட்கும்போது கையில் இருந்தால் நிம்மதி. கேட்காவிட்டால் ஒரு நாள் தேர்வு எழுதிய அலுப்போடு போயிற்று.

சிக்கல் சான்றிதழில். தமிழ்நாட்டுப் பரதராமியில் வீடு, ஆந்திரத்துச் சித்தூரில் பள்ளிக்கூடம். அந்தப் பக்கம் குப்பத்தில் பிறப்பு, இந்தப் பக்கம் வாணியம்பாடியில் பாட்டி வீட்டில் படிப்பு. நம் பிள்ளைகளில் பாதிப் பேர் இப்படித்தான். சாதிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஆந்திரத் தாசில்தார் கொடுத்த சான்றிதழை வைத்துத் தமிழ்நாட்டு இடஒதுக்கீடு கேட்க முடியாது, இந்தப் பக்கத்துச் சான்றிதழை வைத்து அந்தப் பக்கம் கேட்கவும் முடியாது. வெளிமாநிலத்தில் படித்தவர்களிடம் இருப்பிடச் சான்று கேட்பார்கள். என் கூட விண்ணப்பித்த ஒரு பையனுக்கு மதிப்பெண் இருந்தது; இருப்பிடச் சான்று கலந்தாய்வு முடிந்து பதினோரு நாள் கழித்து வந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லிப் பயனில்லை. பத்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையிலேயே இந்தக் காகிதங்களை முடித்துவிடுங்கள். பெயர், அப்பாவின் இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஆதாரிலும் மார்க்ஷீட்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். தெலுங்கு வழக்கத்தில் குடும்பப் பெயர் முன்னால் வரும், நம் வழக்கத்தில் அப்பா பெயர் இனிஷியலாக வரும். வெளிநாட்டு வேலைக்குக் காகிதம் சரிபார்க்கும்போது இது பெரிய தலைவலியாகத் திரும்பி வரும்.

எந்தக் கல்லூரி

தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி., போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., கோவை கே.எம்.சி.எச். ஆகிய இடங்களில் பி.ஓ.டி. என்ற இந்த இளநிலைப் பட்டப்படிப்பு இருக்கிறது. சி.எம்.சி.க்குத் தனி விண்ணப்பம். அவர்கள் இணையதளத்தில் தேதி வரும், தவற விட்டால் ஓராண்டு போச்சு. கட்டாக்குக்குப் பக்கத்தில் ஒலட்பூர், கொல்கத்தா, டெல்லி ஆகிய இடங்களில் உள்ள மத்திய அரசின் மறுவாழ்வு நிறுவனங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வு நடந்துவந்திருக்கிறது. கட்டணம் குறைவு, நோயாளிகள் அதிகம். நம் பிள்ளைகள் ஒடிசா என்றதும் தயங்குகிறார்கள். காட்பாடியில் ஏறினால் ஹவுரா போகிற ரயிலிலேயே கட்டாக்கில் இறங்கலாம்.

சேருமுன் கல்லூரிக்கு நேரில் போய் மூன்று இடங்களைப் பாருங்கள் என்று முன்பு சொல்வேன். இப்போது ஒரே இடத்தைச் சொல்கிறேன்: சிகிச்சைப் பிரிவின் காத்திருப்பு பெஞ்ச். காலை பத்து மணிக்கு அதில் ஆள் இல்லை என்றால், நான்கு வருடமும் நீங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துப் பழக வேண்டியதுதான். பளபளக்கும் கட்டடத்தில், துளைகளில் குச்சி செருகிக் கைக்குப் பயிற்சி தரும் பெக்போர்டு உறை பிரிக்காமல் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றை அலுவலகத்தில் கேளுங்கள். உலகக் கூட்டமைப்பின் அங்கீகாரம் இந்தப் படிப்புக்கு உண்டா? அந்தக் கூட்டமைப்பு குறைந்தது 1000 மணி நேரக் களப்பயிற்சி கேட்கிறது. வெளிநாடு போகும் எண்ணமே இல்லாவிட்டாலும் கேளுங்கள். இருபத்தைந்து வயதில் எண்ணம் மாறும். ஆறு மாத டிப்ளமோ, வார இறுதிச் சான்றிதழ் என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள். அதை வைத்து யாரும் தெரபிஸ்ட் ஆக முடியாது.

படிக்கும் வருடங்கள்

நான்கு ஆண்டு படிப்பு, ஆறு மாதப் பயிற்சி என்று நாலரை ஆண்டாக இருந்தது நெடுங்கால வழக்கம். மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கான தேசிய ஆணையத்தின் புதிய பாடத்திட்டம் பயிற்சியை ஓராண்டாக்கி, மொத்தம் ஐந்து ஆண்டு என்கிறது. முதல் ஆண்டு உடற்கூறியலும் உடலியங்கியலும்தான். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். எலும்புக்கும் தசைக்கும் லத்தீன் பெயர்கள், அதுவும் நூற்றுக்கணக்கில். என் வழி இது: ஒவ்வொரு தசைக்கும் அது செய்கிற வீட்டு வேலை ஒன்றை எழுதி வைத்தேன். கட்டைவிரலை மற்ற விரலோடு எதிரில் சேர்க்கும் தசைக்கு நேரே "கோலமாவு" என்று எழுதியிருந்தேன். பேராசிரியர் பார்த்துச் சிரித்தார். ஆனால் எனக்கு மறக்கவில்லை.

அடுத்த ஆண்டுகளில் அசைவியல், நோய்க்குறியியல், உளவியல், மனநல மருத்துவம், எலும்பு, நரம்பு, குழந்தைகள் என்று வரும். மனநலம் இங்கே ஓரத்துப் பாடம் இல்லை. பிசியோவிலிருந்து நம்மைப் பிரிக்கும் பெரிய பகுதி அது. மனச்சிதைவிலிருந்து மீண்டு வருபவர் காலையில் எழுந்து குளித்து, கடைக்குப் போய்ச் சில்லறை சரிபார்த்து வாங்கி வருவதும் சிகிச்சைதான்.

ஸ்பிளிண்ட், அதாவது அடிபட்ட கையைத் தாங்கும் உறை, செய்வதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் பலருக்கு இந்தத் துறையோடு காதல் வருகிறது. பைக்கில் விழுந்து மேல்கை எலும்பு முறிந்தால், அதை ஒட்டிச் சுற்றி ஓடும் நரம்பும் அடிபடலாம். மணிக்கட்டு தொங்கிவிடும். விரல் மடங்கும், ஆனால் பிடி இருக்காது. உங்கள் மணிக்கட்டைக் கீழே தொங்கவிட்டு முஷ்டி பிடித்துப் பாருங்கள், புரியும். நரம்பு தேறும்வரை மணிக்கட்டை இருபது முப்பது டிகிரி மேல்நோக்கித் தாங்கிப் பிடிக்க ஓர் உறை வேண்டும். கையின் அச்சைக் காகிதத்தில் வரைந்து, அந்த அளவுக்குப் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, எழுபது டிகிரி வெந்நீரில் போட்டால் அப்பளம் போல் துவளும். துடைத்து, சூடு பார்த்துக் கைமேல் வைத்து வடிவம் பிடிக்க வேண்டும். சில நிமிடத்தில் இறுகிவிடும். ஓரம் கூராக இருந்தால் தோல் உரியும். உள்ளங்கை ரேகையைத் தாண்டி நீண்டால் விரல் மடங்காது. தகடு விலை அதிகம் என்பதால் தண்ணீர்க் குழாயாகிற பி.வி.சி. பைப்பைச் சூடாக்கி விரித்துச் செய்யும் வித்தையைத் தொழுநோய்ப் பிரிவின் மூத்தவர்கள் வைத்திருந்தார்கள். வாய்ப்புக் கிடைத்தால் அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

மொழி உங்கள் சொத்து

வேலூரில் லாட்ஜ் பலகை வங்காளத்தில் இருக்கும். ஆட்டோக்காரர் இந்தி பேசுவார். நோயாளிகள் அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள். ஆனால் தினசரி வரிசையில் பெரும்பகுதி இந்தப் பக்கத்துத் தமிழும் அந்தப் பக்கத்துத் தெலுங்கும்தான். சென்னையிலிருந்து படிக்க வந்தவர்கள் தெலுங்குக்குத் திணறும்போது, எல்லைப் பிள்ளைகள் இரண்டிலும் நீந்துவார்கள்.

இதிலும் குழி உண்டு. பயிற்சிக் காலத்தில் ஒரு தெலுங்கு சீனியர், நடக்க முடியாத ஒரு தாத்தாவைக் காட்டி என்னிடம், "காலு எத்தமனு" என்றார். காலைத் தூக்கச் சொல் என்று அர்த்தம். பதற்றத்தில் என் காதில் தமிழ்தான் விழுந்தது. எத்து என்றால் நமக்கு உதை. நான் தமிழிலேயே, "தாத்தா, ஒரு எத்து எத்துங்க" என்றேன். அவர் வேலூர் சேண்பாக்கத்துத் தமிழர். தன்னால் முடிந்த அளவு உதைத்தார். என் முழங்கால் சாட்சி. நொப்பி என்றால் வலி, மெல்லகா என்றால் மெதுவாக, பட்டுக்கோ என்றால் பிடித்துக்கொள். இந்த மூன்று சொல்லும் தெரியாமல் சித்தூர்க்காரர் கையைத் தொடாதீர்கள். பெரியவர்களுக்கு "அண்டி" சேர்க்க மறக்காதீர்கள். மரியாதை குறைந்தால் பயிற்சிக்கு அடுத்த வாரம் வரமாட்டார்கள்.

பதிவு, வேலை, சம்பளம்

2021இல் வந்த தேசியச் சட்டம் ஒன்று எங்களையும் பிசியோதெரபிஸ்ட், ஆய்வக நுட்பர் போன்றவர்களையும் ஒரே ஆணையத்தின் கீழ் கொண்டுவந்தது. படிப்பு முடிந்ததும் மாநில மன்றத்தில் பதிவு செய்வது உங்கள் முதல் வேலை. அகில இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் சங்கம் 1952 முதல் இருக்கிறது, அதிலும் உறுப்பினராகுங்கள். எந்தப் பக்கம் வேலை செய்யப் போகிறீர்கள், தமிழ்நாடா ஆந்திராவா என்று முடிவு செய்துவிட்டுப் பதிவுக்குப் போங்கள்.

ஆரம்பச் சம்பளம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். உடன் படித்து இன்ஜினியரிங் போனவர்களோடு முதல் மூன்று வருடம் ஒப்பிடாதீர்கள். வேலைகள் மருத்துவமனையிலும், சிறப்புப் பள்ளியிலும், அரசின் மாற்றுத்திறனாளி திட்டங்களிலும், தனியார் மையங்களிலும் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 குறைபாடுகளின் பட்டியலை 21 ஆக விரித்ததில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் தெளிவாக இடம்பெற்றன. அதனால் குழந்தைகள் மையங்கள் குடியாத்தம் வரை வந்துவிட்டன. புதிதாக முடிப்பவர்கள் எல்லாரும் அங்கேதான் ஓடுகிறார்கள். ஊஞ்சல், பந்து, வண்ணம், உடனடி வேலை. குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதல் ஒரு வருடமாவது நரம்பு, கை, முதுகுத்தண்டு நோயாளிகள் வரும் பெரிய மருத்துவமனையில் இருங்கள் என்பது என் கருத்து. பிறகு போனால் குழந்தையின் கையையும் நன்றாகப் படிப்பீர்கள். ஆறு மாதத்தில் ஆட்டிசத்தைக் குணப்படுத்துவோம் என்று போர்டு வைத்த மையம் எவ்வளவு சம்பளம் தந்தாலும் சேராதீர்கள்.

மேலே படிக்க எம்.ஓ.டி. என்ற முதுநிலைப் பட்டம் இரண்டு ஆண்டு. அதைப் படித்தால்தான் கல்லூரியில் கற்பிக்க வழி. வெளிநாடு என்றால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வாசல்: பிரிட்டனில் எச்.சி.பி.சி. என்ற மன்றத்தில் பதிவு, அமெரிக்காவில் என்.பி.சி.ஓ.டி. என்ற சான்றளிப்பு வாரியத்தின் தேர்வும் அதற்கு முன் படிப்பின் தகுதிச் சோதனையும், வளைகுடாவில் காகிதச் சரிபார்ப்பும் உரிமத் தேர்வும். களப்பயிற்சி மணி நேரத்தை மாணவராக இருக்கும்போதே தேதிவாரியாக எழுதி, கையொப்பம் வாங்கி வையுங்கள். பத்து வருடம் கழித்து அந்தக் கையொப்பத்தைத் தேடி ஓய்வுபெற்ற பேராசிரியர் வீட்டுக்கு அலைந்தவர்கள் என் வகுப்பிலேயே இரண்டு பேர்.

முதல் வீட்டுப் பார்வை

வேலையில் சேர்ந்ததும் ஒரு நாள் நோயாளியின் வீட்டுக்குப் போகச் சொல்வார்கள். பையில் மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளக்கும் கோனியாமீட்டர், வெல்க்ரோ, கத்தரிக்கோல் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு இஞ்ச் டேப் இருக்கட்டும். வீட்டார் காபி கொடுப்பார்கள், குடியுங்கள். குடித்துக்கொண்டே நோயாளி நாள் முழுக்க எங்கே உட்காருகிறார், எதைத் தொடுகிறார் என்று பாருங்கள். பிறகு அளவெடுங்கள். கட்டில் உயரம், கக்கூஸ் கதவின் அகலம், குழாயின் உயரம், வாசல்படி.

சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் வேண்டும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். நான் முதலில் போன வீட்டின் வாசல்படி ஒன்பது அங்குலம். கணக்குப்படி ஒன்பது அடி சாய்தளம். வாசலுக்கும் எதிர் வீட்டுத் திண்ணைக்கும் நடுவே இருந்ததே ஆறடி, அதில் ஒரு சாக்கடையும் ஓடியது. டேப்பைப் பிடித்துக்கொண்டு நான் முழித்ததைப் பார்த்த வீட்டுக்காரரின் மகன், "மேடம், பின்னால மாட்டுக்கொட்டா வழி கீது, அங்க படியே இல்ல" என்றான். பின்பக்கம் போய்ப் பார்த்தோம். கொட்டகைத் தரையும் வீட்டுத் தரையும் ஒரே மட்டம். கதவு இருபத்தாறு அங்குலம், நாற்காலி இருபத்தைந்து. கைமுட்டி இடிக்காமல் இருக்க நிலையில் இருந்த தாழ்ப்பாளை மட்டும் மேலே மாற்றினோம். மாட்டை அரையடி தள்ளிக் கட்டச் சொன்னோம்.